ஏட்டிலே மழைநீர்ச் சட்டம், வீதியிலே மழைநீர்

இலங்கையில் மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதை எத்தனை பேர் அறிவர்? 2005ஆம் ஆண்டு தேசிய மழைநீர்க் கொள்கை ஒன்று அமைச்சரவையின் அங்கீகாரத்தைப் பெற்றது. 2007ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பாராளுமன்றத்தில் திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டு அதற்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. அதிகார சபை பிரகடனப்படுத்திய பிரதேசங்களில் எழும் புதிய கட்டடங்கள் தம் கூரையில் விழும் நீரைச் சேர்த்து வைக்க ஏற்பாடு கொண்டிருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

சட்டம் பிறந்து ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாகிவிட்டது. யாழ்ப்பாண நகரிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் இந்தக் காலத்துள் எழுந்த மாடி வீடுகளை விரல்விட்டு எண்ண முடியாது. அவற்றுள் எத்தனை வீடுகளின் கூரையில் பீலி இருக்கிறது, பீலியின் கீழே தொட்டி இருக்கிறது, தொட்டிக்குள் தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கப் புகுந்தால் ஒரு கை விரல்களே போதும் போலிருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது? விளங்கிக்கொள்வது கடினமன்று. வீடு கட்ட விரும்புபவர் படவரைஞரிடம் செல்கிறார். படவரைஞர் வரைபடத்தின் ஒரு மூலையில் சிறிய சதுரம் ஒன்றைக் கீறி 'மழைநீர்த் தொட்டி' என்று எழுதிவிடுகிறார். சபையில் அந்தச் சதுரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருக்கிறது. அனுமதி கிடைக்கிறது. வீடு எழுகிறது. சதுரம் இருக்க வேண்டிய இடத்தில் வாகனத் தரிப்பிடம் எழுகிறது. வீடு முடிந்தபின் அமைவுச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது விதி. ஆனால் சான்றிதழைப் பற்றி நினைக்காமலே குடிபுகுந்து, மின்சாரமும் பெற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். வரைபடத்தோடு பிறந்து வரைபடத்தோடு முடியும் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். அதைக் கறிக்கு வெட்ட முடியாது.

மற்ற ஊர்களில் இந்த அலட்சியம் ஒரு குறை. குடாநாட்டில் இது தற்கொலைக்கு ஒப்பானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று பெயர் பெற்றிருப்பதும் மாரியில் மட்டும் ஓடும் வெள்ளவாய்க்காலே. மலை இல்லை, மலையடிவாரத்து ஊற்றும் இல்லை. நமக்கு இருப்பதெல்லாம் சுண்ணாம்புக் கல்லும் அதன் வெடிப்புகளில் தங்கும் மழைநீருமே. நம் கிணற்று நீர் அத்தனையும் ஏதோ ஒரு மாரியில் பெய்த மழைதான். அந்த நன்னீர் நிலத்தின் கீழ் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கடல் மட்டத்தின் கீழே சுமார் 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலார் நீண்ட காலமாக அறிந்த கணக்கு. அதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உவர்நீர் 40 அடி எழும்பி வர வழி பிறக்கிறது. தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் உவராகிப்போன கிணறுகள் இந்தக் கணக்கைப் புத்தகம் படிக்காமலே நமக்குச் சொல்லித் தருகின்றன.

உவராகாத கிணறுகளுக்கும் நோய் உண்டு. தோட்டங்களுக்கு அள்ளிக் கொட்டும் உரமும், நெருங்கிய வளவுகளில் கிணற்றோடு ஒட்டிக் கிடக்கும் மலசலகூடக் குழிகளும் வலிகாமத்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றைச் சேர்த்துக்கொண்டே வருகின்றன. ஆய்வாளர்கள் இதைப் பல தசாப்தங்களாக எழுதி வருகிறார்கள். நைத்திரேற்று பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுப்பது. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. இதற்கும் மேலாகச் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை ஊரறிந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி பணித்தது. கிணறு கெட்ட ஊர்களில் வீதியோரத் தாங்கிகளுக்குப் பவுசர் வரும்வரை குடங்களோடு மக்கள் காத்து நின்றார்கள். அதே வீடுகளின் கூரைகளில் அந்த மாரியிலும் நல்ல தண்ணீர் விழுந்தது. விழுந்தபடியே ஓடியும் போயிற்று.

எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடாநாட்டின் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 1,000 சதுர அடிக் கூரையில், சிதறுவதும் ஆவியாவதும் போக ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் ஆண்டுக்குச் சுமார் 90,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லீற்றர் எடுக்கும் என்று கொண்டால், மாசி தொடங்கி எட்டு மாதக் கோடைக்கும் 12,000 லீற்றர் போதும். அந்த அளவு தொட்டி ஒன்று பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குச் செய்யும் செலவில் பாதியைக்கூட எட்டாது. தொட்டி நிறைந்தபின் வழியும் நீர் நிலத்துக்குப் போனால் கிணறும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் முந்திய திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததனால் எழுந்த மாற்றுவழி அது. அந்த நிலையம் வேண்டாம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்ன அளவுள்ள பத்தாயிரம் கூரைகள் ஓராண்டில் விட்டுவிடும் நீர், அந்த நிலையம் 37 நாட்கள் இடைவிடாது இயங்கித் தரும் நீருக்குச் சமம். உவரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். வெளிநாட்டுக் கடன் வட்டியும் கேட்கும். உப்பே இல்லாத தண்ணீரைக் கூரையிலிருந்து கடலுக்கு விட்டு, பின்பு கடலிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிப்பதற்குப் பெயர் அபிவிருத்தியாம்!

இந்த இடத்திற் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவின் ரொறன்ரோ மாநகர சபை, வீட்டுக் கூரையிலிருந்து இறங்கும் குழாயை நகரச் சாக்கடையிலிருந்து துண்டித்து, நீரைத் தம் வளவு நிலத்திலேயே விட வேண்டும் என்று 2007இல் முடிவெடுத்து, 2011 முதல் கட்டங்கட்டமாக அதைக் கட்டாயமாக்கியது. பெருமழையில் சாக்கடை நிரம்பி ஏரியை நாசமாக்குவதைத் தடுப்பதற்காக அந்த விதி. ஜேர்மனியின் பல நகரங்களில் கூரையும் கல் பதித்த முற்றமும் எத்தனை சதுர மீற்றர் என்று அளந்து, அங்கிருந்து சாக்கடைக்கு ஓடும் மழைநீருக்குத் தனிக் கட்டணம் விதிக்கிறார்கள். நீரை மண் குடிக்க விட்டவருக்குக் கட்டணம் குறையும். நம்மவர்கள் அங்கே இந்த விதிகளுக்கு மறுபேச்சின்றிக் கட்டுப்படுகிறார்கள்.

அதே நம்மவர்கள் ஊருக்குக் காசு அனுப்பிக் கட்டும் வீட்டைப் பாருங்கள். மதிலிலிருந்து மதில்வரை கொங்கிறீற்று அல்லது வர்ணக் கற்கள். மாமரத்தின் அடியிலும் ஒரு சாண் மண் தெரியாது. கூரைநீர் குழாய் வழியே நேரே வீதிக்கு. வீதிநீர் அயலவனின் தாழ்ந்த வளவுக்கு. வீட்டுக்காரர் வருவது மூன்றாண்டுக்கு ஒருமுறை. அவருடைய முற்றத்து வெள்ளத்தில் நனைவது ஆண்டுதோறும் பக்கத்து வீட்டுக் கிழவி. அங்கே சட்டத்துக்கு அஞ்சுவோரும் இங்கே அஞ்சாதிருப்பது ஏன்? அங்கே விதியோடு கட்டணச் சீட்டும் வருகிறது. இங்கே விதி மட்டும் வருகிறது. மனித இயல்பு எல்லா நாட்டிலும் ஒன்றே.

கட்டாயம் ஒன்றே போதும் என்பவர்கள் சென்னையைப் பார்க்க வேண்டும். 2003இல் ஜெயலலிதா தலைமையிலான தமிழக அரசு, புதிய கட்டடம் பழைய கட்டடம் என்ற பேதமின்றி எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. குறித்த தவணைக்குள் செய்யாவிடின் குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. நகரமே குழி தோண்டியது. அடுத்து வந்த ஆண்டுகளில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்ததைச் சென்னைவாசிகள் கண்கூடாகக் கண்டார்கள். அரசாங்கம் மனம் வைத்தால் சில மாதங்களில் ஒரு மாநகரத்தையே அசைக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் தவணை கடந்ததும் பார்ப்பாரில்லை. குழிகளில் மண் தூர்ந்தது; வடிகட்டிகளில் சருகு அடைத்தது. 2015 டிசெம்பரில் நகரம் வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதே நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒருநாள் அச்சத்தால் கட்டியது ஆண்டுதோறும் பராமரிப்பு இல்லாமல் நிலைக்காது. சென்னை தரும் பாடம் இதுவே.

கட்டாயம் நிலைத்து நிற்கும் நாடும் உண்டு. அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள பெர்முடா நம்மைப் போலவே சுண்ணாம்புக்கல் நிலம். அங்கும் ஆறு இல்லை. வீட்டுக் கூரையில் ஐந்தில் நான்கு பங்கு மழையைப் பிடிக்க வேண்டும், பத்துச் சதுர அடி ஏந்துபரப்புக்கு நூறு கலன் வீதம் தொட்டி இருக்க வேண்டும் என்பது அங்கே பல தசாப்தப் பழக்கமுள்ள சட்டம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய படிக்கட்டுக் கூரைகள் அத்தீவின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அங்கே தொட்டி இல்லாத வீடு என்பது அத்திவாரம் இல்லாத வீட்டைப் போன்றது. நமக்குக் கிணறு இல்லாத வளவு எப்படி இருந்ததோ அப்படி.

எதிர்வாதங்களைக் கேட்காமல் விடுவது நேர்மையன்று. தண்ணீரைத் தேக்கினால் டெங்கு வரும் என்கிறார்கள். உண்மை, திறந்த தொட்டியில் வரும். மூடியும் நுண்வலையும் உள்ள தொட்டியில் நுளம்பு முட்டையிட வழியில்லை. வளவில் கிடக்கும் சிரட்டையும் பழைய டயரும் செய்யும் கேட்டை மூடிய தொட்டி செய்யாது. கூரையில் காக்கை எச்சம் இருக்கிறதே என்கிறார்கள். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்து வருவதை வடிகட்டிச் சேர்த்து, கொதிக்க வைத்துக் குடிப்பது எந்த வீட்டுக்கும் முடியாத வித்தையன்று. கூரைத் தகடு பழையதென்று ஐயம் இருந்தால் அந்த நீரைக் கழுவவும் நிலத்துக்கு ஊட்டவும் வைத்துக்கொள்ளலாம். ஏழைக்குத் தொட்டி கட்டக் காசு ஏது என்கிறார்கள். இது ஒன்றே பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஏழை அல்லர், அரசும் சபையுமே. 1990களின் நடுப்பகுதியில் உலக வங்கி உதவியுடனான சமுதாய நீர் வழங்கல் திட்டம் பதுளை, மாத்தறை மாவட்டங்களின் மேட்டுநிலக் கிராமங்களில் இத்தகைய தொட்டிகளைக் கட்டிக் கொடுத்தது. சிறுநீரக நோய் பரவிய வடமத்திய மாகாணத்திலும் பல குடும்பங்களுக்கு மழைநீர்த் தொட்டி கிடைத்தது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை எவை?

முதலாவது, சோதனை வரைபடத்திலிருந்து கூரைக்கு ஏற வேண்டும். பீலியையும் தொட்டியையும் கண்ணாற் காணாமல் அமைவுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. அதன்பின் ஆண்டுதோறும் மாரிக்கு முன்பு ஒரு தடவை பார்க்க வேண்டும். இதற்குப் புதிய திணைக்களம் தேவையில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் டெங்குக்காக எப்படியும் வளவுகளுக்கு வருகிறார்கள். சிரட்டையைப் பார்க்கும் கண் தொட்டியின் மூடியையும் பார்க்கலாம்.

இரண்டாவது, சோலைவரியில் சலுகை. முழு ஆண்டு வரியையும் ஜனவரி மாதத்துள் செலுத்துவோருக்கு 10 வீதம் கழிவு கொடுக்கும் வழக்கம் நம் உள்ளூராட்சி மன்றங்களில் ஏற்கெனவே உண்டு. வரியை முந்திக் கட்டியவனுக்குக் கழிவு கொடுக்க முடிந்த சபைக்கு, வீதி வெள்ளத்தைக் குறைத்தவனுக்குக் கழிவு கொடுக்க ஏன் முடியாது? பரிசோதகர் பார்த்துச் சரியென்ற வீட்டுக்கு ஆண்டுதோறும் கழிவு. தொட்டி தூர்ந்தால் அந்த ஆண்டு கழிவில்லை. பராமரிப்பு தானாகவே நடக்கும்.

மூன்றாவது, முற்றம் முழுவதையும் கொங்கிறீற்றால் மூடியவரிடம் மேலதிக வரி. நிலம் அவருடையது, நிலத்தடி நீர் ஊருடையது. ஊரின் நீருக்குப் பூட்டுப் போட்டவர் ஊருக்கு ஏதும் செலுத்தட்டும்.

நான்காவது, அந்த மேலதிக வரியிலிருந்து ஒரு நிதி. வறிய குடும்பங்களின் வீடுகளுக்கு அதில் தொட்டி கட்ட வேண்டும். தீவகமும் உவர்க் கரையோரமும் முன்னிற்க வேண்டும். வசதி குறைந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம்.

ஐந்தாவது, பொதுக் கட்டடங்கள் முன்மாதிரியாக வேண்டும். பாடசாலைகள், கச்சேரி, பிரதேச சபைகள், கோயில் மண்டபங்கள், தேவாலயங்கள், கல்யாண மண்டபங்கள் ஆகியவற்றின் கூரைகளைச் சேர்த்துப் பார்த்தால் எத்தனை ஏக்கர் வரும்! தன் கூரைநீரை வீதிக்கு விடும் சபை எந்த முகத்தோடு ஒரு குடியானவனின் வரைபடத்தில் தொட்டி தேடுகிறது? அக்கூரைகளில் மிஞ்சும் நீரை ஊர்க் குளங்களுக்குத் திருப்பும் வாய்க்கால்களை முன்னோர் வெட்டியிருந்தார்கள். மண் நிரப்பி வீடும் கடையும் கட்டி அவற்றை மறித்தவர்கள் நாம்.

2023 மார்ச் முதல் உத்தியோகத்தர்களின் கையிலிருந்த உள்ளூராட்சி மன்றங்கள் 2025 மே மாதத் தேர்தலின் பின் மக்கள் பிரதிநிதிகளிடம் திரும்பியுள்ளன. வரியை விதிப்பதும் கட்டட அனுமதி கொடுப்பதும் உபவிதி ஆக்குவதும் அவர்களின் அதிகாரத்துள் வருபவை. கொழும்பு எமக்கு அதிகாரம் தரவில்லை என்ற வழமையான முறைப்பாட்டுக்கு இவ்விடயத்தில் இடம் மிகக் குறைவு. இருக்கும் அதிகாரத்தைக் கூரைநீருக்குக்கூடப் பயன்படுத்தாதவர்கள் இல்லாத அதிகாரத்தைக் கேட்கும்போது, கேட்பவர் சிரிப்பார்.

2024 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் தாழ்நிலங்களில் வெள்ளம் புகுந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மாரியில் வெள்ள நிவாரணம், கோடையில் குடிநீர்ப் பவுசர் என்று ஒரே தண்ணீருக்கு ஆண்டில் இரண்டு தடவை செலவழிப்பதை நிர்வாகம் என்று அழைக்கிறோம். மேடையேறினால் வான்சிறப்பு அதிகாரத்தைப் பிசகாமல் ஒப்புவிக்கும் அரசியல்வாதிகளுக்குப் பஞ்சமில்லை. தெற்கே போனால் அவர்களின் இடத்தில் பராக்கிரமபாகு மன்னனைத் துணைக்கழைப்பவர்கள் நிற்கிறார்கள்.

அவர்களிடம் வைக்க வேண்டிய கேள்வி மிகச் சிறியது. இந்த மாரியில் உங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே போயிற்று? அடுத்த தடவை வாக்குக் கேட்டோ நிதி கேட்டோ எவர் படலையைத் திறந்து வந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். கேட்பதற்கு முன் நம் வீட்டுப் பீலியையும் ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பது நல்லது.